வீட்டில் கட்டிய வண்டிக்கு நம்பர் கிடைக்குமா?

2021 டிசம்பரில் ஒரு வீடியோ எல்லார் போனிலும் வந்தது. மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்துக் கிராமத்தில் ஒரு கொல்லர், காயலான் கடைச் சாமான்களை வைத்து ஒரு குட்டி ஜீப் செய்திருந்தார். பைக் மாதிரி கிக்கரை உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அதைப் பார்த்து மனம்விட்டுப் பாராட்டினார். கூடவே இன்னொன்றும் எழுதினார்: இந்த வண்டி விதிகளுக்குப் பொருந்தாது, அதிகாரிகள் இன்றோ நாளையோ இதை ஓட்டவிடாமல் நிறுத்திவிடுவார்கள். அதனால் இந்த ஜீப்பைக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு புது பொலீரோ தருகிறேன் என்றார். 2022 ஜனவரியில் வண்டிகள் கைமாறின.

பாராட்டை எல்லாரும் பகிர்ந்தோம். 'நிறுத்திவிடுவார்கள்' என்ற வரி மட்டும் நிறைய பேர் கண்ணில் படவில்லை. இன்று யூடியூப் பார்த்துவிட்டு மாருதி 800 இன்ஜினை வைத்து பக்கி கட்டுகிறவர்கள், பழைய ஜீப்பை வாங்கி உயரத்தைக் கூட்டுகிறவர்கள், அம்பாசிடரின் கூரையை அறுத்து 'ஹாட் ராட்' ஆக்குகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் முதல் பைப்பை அறுப்பதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. பணம் போட்டு முடித்தபின் தெரிந்தால் ரொம்ப வலிக்கும்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

ஹாட் ராட் பிறந்தது அமெரிக்காவின் கலிபோர்னியாவில். 1930-களில் அங்கிருந்த இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டு, பானெட் என்று எடையுள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, காய்ந்த ஏரிப் படுகைகளில் வேகப்போட்டி நடத்தினார்கள். பக்கி வந்தது பிறகு. 1964-இல் படகு கட்டும் தொழில் தெரிந்த புரூஸ் மெயர்ஸ் என்பவர் ஃபைபர் கிளாஸில் தொட்டி மாதிரி ஒரு பாடி செய்து, அதில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் பொருத்தினார். 'மெயர்ஸ் மான்க்ஸ்' என்று பெயர். மணலில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து உலகம் முழுக்க நகல் வந்தது.

நம்மிடமும் இந்த மரபு இல்லாமல் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று அவை பெயர் பெற்றன. செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

கலிபோர்னியாவின் ஏரிப் படுகை, சோழவரத்து ஓடுதளம், செட்டிப்பாளையத்து டிராக் என இவை எல்லாமே ஊர்ச் சாலைக்கு வெளியே இருந்த இடங்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சிக்கல் எங்கே? படிவம் 22

ஷோரூமில் புது வண்டி வாங்கும்போது உங்களிடம் ஒரு கத்தை பேப்பரில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் முக்கியமானவை மூன்று. படிவம் 20 என்பது பதிவு கேட்டு நீங்கள் தரும் விண்ணப்பம். படிவம் 21 விற்றவர் தரும் விற்பனைச் சான்று. படிவம் 22 தயாரிப்பாளர் தரும் சான்று: இந்த வண்டி பிரேக், விளக்கு, புகை எல்லாவற்றிலும் மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கு உட்பட்டது என்று கம்பெனி பொறுப்பேற்றுக் கொடுப்பது.

நீங்களே கட்டிய வண்டிக்குப் படிவம் 22-ஐ யார் தருவார்? இதுதான் கேள்வி. நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. விதி 126-இன்படி, ஒரு மாடலைத் தயாரிக்கிறவர் அதன் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் கொடுத்துச் சான்று பெற வேண்டும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.சி.ஏ.டி., நம்ம ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்றவை அப்படிப்பட்ட இடங்கள். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கப்போகும் கம்பெனிக்காக அமைந்த முறை இது. ஒரே ஒரு பக்கி கட்டியவருக்கு நடைமுறையில் கட்டுப்படியாகாது.

பிரிட்டனில் தனி ஒரு வண்டியை மட்டும் சோதித்து அனுமதி தரும் ஏற்பாடு உண்டு. வீட்டில் கட்டிய கார்கள் அங்கே அந்தச் சோதனையில் தேறி நம்பர் வாங்குகின்றன. யூடியூபில் நீங்கள் பார்க்கிற பல வண்டிகள் இப்படிப்பட்ட நாடுகளில் ஓடுபவை. "அவன் ரோட்ல ஓட்றானே" என்று சொல்வதற்கு முன் அது எந்த நாட்டு ரோடு என்று பார்த்துவிடுங்கள்.

ஆக, முதல் கேள்விக்கு நேரான பதில் இது: வீட்டில் கட்டிய பக்கிக்கு இங்கே நம்பர் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். 'முதல்ல கட்டிடலாம், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல யாரையாவது பிடிச்சுக்கலாம்' என்று சொல்லிப் பணம் வாங்குகிறவரை நம்ப வேண்டாம்.

'நம்ம ஊர் ஏரிதானே?'

பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த தடவை 10,000 ரூபாய் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் இடமுண்டு. இது பலருக்கும் தெரியும். 'பொது இடம்' என்றால் என்ன என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

சட்டத்தின் விளக்கப்படி, பொதுமக்களுக்குப் போகும் உரிமை உள்ள எந்த இடமும் பொது இடம்தான். தார் போட்டிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. கடற்கரை மணல், ஊர்ப் பொது மைதானம், எல்லாரும் மாடு ஓட்டிப் போகிற ஏரிக்கரை எல்லாம் இதில் வந்துவிடும். 'ஆஃப் ரோடு வண்டி, அதனால ரோட்ல போகல' என்ற சமாதானம் எடுபடாது. காப்புக்காடு என்றால் விஷயம் இன்னும் பெரிசு. அனுமதி இல்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்கு தனியாக வரும். ஜனவரியிலிருந்து சில மாதங்கள் நம் கடற்கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். மணலில் டயர் ஏறினால் கீழே இருக்கும் முட்டைகள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மீதி இருப்பது உங்கள் சொந்த நிலம். தொழிற்சாலை அல்லது வேறு அடைத்த வளாகத்துக்குள் மட்டுமே பயன்படுத்துவதற்காக அமைந்த சிறப்பு வகை வண்டியைச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. வேலி போட்ட தோப்பு, பண்ணை, கல்லூரி வளாகம், பந்தய டிராக் ஆகியவைதான் உங்கள் பக்கிக்கான இடம். அங்கே கொண்டுபோக, சாலையில் ஓட்டிக்கொண்டோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டோ போகாதீர்கள். ஒரு குட்டி யானையில் ஏற்றிக் கட்டி எடுத்துப் போங்கள்.

அபராதம் உண்மையில் சின்ன விஷயம். பதிவில்லாத வண்டிக்குக் காப்பீடு கிடையாது. உங்கள் பக்கி ஒருவர் மேல் மோதி அவர் கால் போனால், விபத்துத் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். லட்சக்கணக்கில் போகும். வீடு, நிலம் வரை அது நீளலாம்.

பண்ணை வீட்டில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் கேட்டைத் தாண்டி ஊர்த் தெருவுக்கு வந்துவிட்டால், 18 வயது ஆகாதவர் ஓட்டிய குற்றத்துக்குப் பெற்றோரோ உரிமையாளரோதான் பதில் சொல்ல வேண்டும். 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன.

நம்பர் உள்ள வண்டியை மாற்றினால்?

'புதுசா கட்டினாத்தானே பிரச்சினை, ஆர்.சி. உள்ள பழைய ஜீப்பை வாங்கி மாத்திக்கிறேன்' என்பது அடுத்த யோசனை. இங்கேயும் கவனம் தேவை. சட்டப் பிரிவு 52 சொல்வது இது: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறினால், செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். 'ஒவ்வொரு' என்ற சொல்லைக் கவனியுங்கள். கூரையை அறுத்தது ஒன்று, சேஸிஸைக் குறைத்தது இன்னொன்று.

எதுவுமே கூடாதா? அப்படியில்லை. நிறம் மாற்றலாம். ஆனால் ஆர்.சி.யில் நிறமும் பதிவாகியிருப்பதால் அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஜீப் பிரியர்களுக்குப் பிடித்த ராணுவப் பச்சையை மட்டும் மறந்துவிடுங்கள். ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான் என்று விதி 121 சொல்கிறது. இன்ஜின் பழுதாகிப் போனால் அதே வகை இன்ஜினை முன் அனுமதி வாங்கி மாற்றலாம். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவிக்க வேண்டும். சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரத்துக்கு மாற்றுவது என்றால் சோதனைச் சான்று பெற்ற கிட் ஆக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைப்பதற்கும் சட்டத்தில் வழி உண்டு. கூச்சப்படாமல் அலுவலகத்தில் கேளுங்கள். கடன் பாக்கி உள்ள வண்டி என்றால் பைனான்ஸ் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எதையும் தொடாதீர்கள்.

50 வயது தாண்டிய கார் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். 2021-இல் வந்த விதிகளின்படி, அசல் வடிவத்தில் பாதுகாத்த 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றியிருந்தால் அந்தத் தகுதி போய்விடும். தாத்தாவின் பழைய காரின் கூரையை அறுத்து ஹாட் ராட் ஆக்கினால், ரோட்டிலும் ஓட்ட முடியாது, விண்டேஜும் கிடையாது. அறுத்ததை ஒட்ட முடியாதே!

பெரிய டயர் போடுவது எல்லாருக்கும் ஆசை. ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். டயரின் விட்டம் பத்து சதவீதம் கூடினால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக் மட்டும் பழைய பிரேக்தான். உயரத்தைக் கூட்டினால் வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும். முன்னால் பொருத்தும் கம்பி பம்பரையும் தவிருங்கள். அதை அகற்ற நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது நசுங்கிக் காப்பாற்ற வேண்டிய பகுதியை அது நசுங்கவிடாது, ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கலாம்.

வாங்கும் முன் போனில் பாருங்கள்

ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்கள் ஜீப் கட்டுவதற்கே பேர் போனவை. 'ஆர்.சி. இருக்கு சார்' என்று சொல்லித்தான் விற்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவான தேதி, வண்டி வகை, எரிபொருள், எஃப்.சி. தேதி, காப்பீடு எல்லாம் வரும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்கிறது, முன்னால் நிற்பது டீசல் இன்ஜின் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பிறகு சேஸிஸ் எண். வண்டிக்குக் கீழே டார்ச் அடித்து, அடித்திருக்கும் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சுற்றிலும் வெல்டிங் தழும்போ, தேய்த்த தடமோ இருந்தால் அது எவ்வளவு அழகான ஜீப்பாக இருந்தாலும் வேண்டாம்.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் புதுப்பிக்கும்போது மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்ப்பார். அதுவரை யார் கண்ணிலும் படாத மாற்றம் அன்றைக்குப் படும். முந்தைய உரிமையாளர் செய்தது என்றாலும் மாட்டுவது நீங்கள்தான்.

நிறம் மாற்றம் போன்றவற்றுக்குப் பரிவாகன் இணையதளத்தில் வாகனம் தொடர்பான சேவைகள் பகுதிக்குப் போய்த் தமிழ்நாட்டைத் தேர்வு செய்தால் விண்ணப்பிக்கலாம். ஓ.டி.பி. ஆர்.சி.யில் பதிவான போன் எண்ணுக்குத்தான் போகும். பழைய எண் என்றால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். பாதிப் பேர் இங்கேதான் மாட்டி நிற்கிறார்கள்.

சரி, தோப்பில் ஓட்ட ஒன்று கட்டுகிறீர்கள்

சொந்த நிலத்தில் ஓட்டினால் போலீஸ் நிறுத்தமாட்டார். வண்டி கவிழாது என்று யாரும் சொல்ல முடியாது. இதற்குக் கல்லூரி மாணவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.ஏ.இ. இந்தியா அமைப்பு 2007 முதல் 'பாஹா' என்ற போட்டியை நடத்துகிறது. மாணவர்களே ஒற்றை இருக்கை பக்கியை வடிவமைத்துக் கட்டிக் கரடுமுரடான தடத்தில் ஓட்டுவார்கள். முடுக்கிவிடுவதற்கு முன் அந்த வண்டிகள் தாண்ட வேண்டிய தொழில்நுட்பச் சோதனை கடுமையானது. அதன் விதிகளை நீங்களும் பின்பற்றலாம்.

முதலில் கூண்டு. வண்டி கவிழும்போது உங்கள் தலையைக் காப்பாற்றுவது அது ஒன்றுதான். பாஹா வண்டியில் முக்கியப் பைப்புகள் 25.4 மில்லிமீட்டர் விட்டமும் சுமார் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஸ்டீலாக, அல்லது அதற்கு ஈடான வலுவுள்ளதாக இருக்க வேண்டும். தண்ணீர் பைப்பை, அதாவது ஜி.ஐ. பைப்பை, வைத்துக் கட்டாதீர்கள். அது தண்ணீர் போக மட்டும் செய்தது. வெல்டிங் வைக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும். கூண்டின் பைப்புக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே 152 மில்லிமீட்டர், அதாவது ஆறு அங்குலம், இடைவெளி விடுவது பாஹா விதி. உயரமான தம்பியை உட்காரவைத்து அளந்து பாருங்கள். நீங்கள் உட்கார்ந்து அளந்தால் போதாது.

வெல்டிங்தான் உயிர். ஒரு பைப்பின் நுனியை இன்னொன்றின் வளைவில் சரியாக உட்காரும்படி மீன் வாய் போல வெட்டிப் பொருத்துங்கள். இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்புகிற வேலை பார்க்க அழகாக இருக்கும், தாங்காது. முதலில் எல்லா இணைப்பிலும் புள்ளி வைத்து நிறுத்தி, அளவு சரிபார்த்து, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று முழு வெல்டிங் வையுங்கள். ஒரே பக்கம் வைத்துக்கொண்டே போனால் சூட்டில் கூண்டு கோணிவிடும். பட்டறைக்காரரிடம் ஒரு சோதனை கேளுங்கள். அதே பைப்பில் இரண்டு துண்டை வெல்டிங் வைத்து, வைஸில் பிடித்து உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பைப் கிழிய வேண்டும், வெல்டிங் பிரியக் கூடாது. பிரிந்தால், அண்ணன் எவ்வளவு அனுபவஸ்தர் என்றாலும் வேறு இடம் பாருங்கள். பழைய பெட்ரோல் டேங்கில் மட்டும் யாரையும் வெல்டிங் வைக்க விடாதீர்கள். காலி டேங்க் என்று தோன்றும், உள்ளே ஆவி நிறைந்திருக்கும். வெடித்தால் அருகில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம்.

சஸ்பென்ஷன், ஸ்டியரிங் போல்ட்டுகளின் தலையில் 8.8 என்று அடித்திருக்கிறதா என்று பாருங்கள். நைலாக் நட்டு போட்டு, நட்டுக்கு வெளியே இரண்டு மரையாவது தெரிய முறுக்குங்கள். பெட்ரோல் டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவே இரும்புத் தகடு, தோளையும் இடுப்பையும் பிடிக்கும் சீட் பெல்ட், தீயணைப்பான் இருக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இரண்டு வையுங்கள், ஒன்று ஓட்டுபவர் கைக்கு எட்டும்படி, இன்னொன்று வெளியே நிற்பவர் கைக்கு எட்டும்படி. கவிழ்ந்த வண்டியில் மாட்டிக்கொண்டவரால் சாவியைத் திருப்ப முடியாமல் போகலாம்.

பெயின்டுக்கு அவசரப்படாதீர்கள். எல்லா வெல்டிங்கும் துளையும் முடிந்து, ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகு கழற்றிப் பெயின்ட் அடிப்பதே சரி. துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்து, எபாக்சி ப்ரைமர் அடித்துக் காய விடுங்கள். ஃபைபர் பாடி, தகடுகளில் பட்டி பார்த்து வாட்டர் பேப்பர் போட்டு எவ்வளவு மெருகேற்ற வேண்டுமோ ஏற்றுங்கள். கூண்டில் மட்டும் பட்டி வைக்கவே வேண்டாம். வெல்டிங் ஓரத்தில் மெல்லிய விரிசல் வந்தால், மெல்லிசான வெளிர் நிறப் பெயின்டில் அது கோடாகத் தெரிந்து உங்களை எச்சரிக்கும். பட்டிக்கு அடியில் இருந்தால் வண்டி கவிழ்கிற அன்றுதான் தெரியும்.

பளபளப்புக்காக ஹார்டனர் கலந்த பி.யூ. பெயின்ட் கேட்பீர்கள். அதன் பொடிப்பொடியான தூவலில் ஐசோசயனேட் இருக்கும். அது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமா வரவைக்கக் கூடியது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் அடிக்கிற வேலை இல்லை. பெயின்ட் பூத் உள்ள பட்டறையில், காற்றுக் குழாய் முகமூடி போட்டு அடிப்பவரிடம் கொடுங்கள். வீட்டில்தான் செய்வேன் என்றால் சாதா எனாமலைப் பிரஷ்ஷால் பூசுங்கள். மணலில் ஓடுகிற வண்டி எப்படியும் கீறல் படத்தான் போகிறது.

முதல் ஓட்டத்தன்று ஹெல்மெட், பெல்ட் போட்டு, தனியாக இல்லாமல் இன்னொருவரை வெளியே நிறுத்தி, நடைவேகத்தில் பிரேக்கை மட்டும் பத்து தடவை சோதியுங்கள். வீடியோ எடுக்கிற தம்பியை வண்டியின் பாதையில் நிறுத்தாதீர்கள். இறக்கி நிறுத்தியதும் எல்லா நட்டையும் மறுபடி ஒரு சுற்று முறுக்கிப் பாருங்கள். முதல் நாளில் ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.